மைப் பேனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் கேள்விகளில் பாதி, மேசை இழுப்பறையில் கிடந்த தாத்தாவின் பேனாவை எடுத்து மை ஊற்றிப் பார்த்தவர்கள் கேட்பவை. மீதி, பள்ளியில் பிள்ளைக்கு இங்க் பேனா கேட்டுவிட்டார்களே என்று கடை தேடுகிறவர்கள் கேட்பவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுத மறுக்கும் பேனாவில் பெரும்பாலும் நிப்பு குற்றவாளி அல்ல. காய்ந்த மை, காற்று, தாள் ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் நிப்பில் கை வைக்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய பேனா எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிப்பைப் பிடித்திருக்கும் பகுதியைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அதை உடலிலிருந்து திருகிக் கழற்றுங்கள். உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் குழாயாக இருந்தால், அது பில்லரால், அதாவது ரப்பர் தலை உள்ள சொட்டுக்குழாயால், மை ஊற்றும் பேனா. 2 முதல் 4 மில்லி வரை மை பிடிக்கும். நம் ஊர்க் கடைகளில் மிக அதிகமாக விற்ற வகை இதுதான். கெடுவதற்கு உள்ளே பாகமே இல்லை.

கழுத்தோடு சேர்ந்து ஓர் உலோகக் கூடும், அதற்குள் மெல்லிய பையும் இருந்தால் அமுக்கி உறிஞ்சும் வகை. சீனாவின் ஹீரோ 616 இப்படிப்பட்டது. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும். 1941-இல் வந்த பார்க்கர் 51-இன் சாயலில் செய்த பேனா அது. நிப்பை முழுக்க மையில் மூழ்கவிட்டு, தகட்டை அமுக்கி விட்டு ஐந்து வினாடி காத்திருக்க வேண்டும். இப்படி நான்கைந்து முறை செய்தால் பை நிறையும். ஒரே அமுக்கில் நிறையாததால் பை ஓட்டை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

உடலின் பக்கவாட்டில் சிறிய நெம்பு இருந்தால் உள்ளே ரப்பர் பை இருக்கிறது என்று பொருள். பழைய பேனாவாக இருந்தால் அந்த நெம்பைத் தூக்காதீர்கள். ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும்; தூக்கினால் பை நொறுங்கும், சில சமயம் நெம்பும் ஒடியும்.

பல வருடம் கிடந்த பேனாவை மறுபடி எழுத வைக்க என்ன செய்ய வேண்டும்?

அவசரப்படக் கூடாது. ஒரு டம்ளரில் அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர் எடுத்து, நிப்பும் கழுத்தும் மட்டும் மூழ்கும்படி ஓரிரவு வையுங்கள். காலையில் தண்ணீர் நிறம் மாறியிருக்கும். கொட்டிவிட்டு மாற்றுங்கள். நீலம் ஒரு நாளில் விட்டுவிடும். கருப்பும் சிவப்பும் இரண்டு மூன்று நாள் இழுக்கும்.

கழுத்து திருகிக் கழலவில்லை என்றால் மரைக்குள் மை காய்ந்து பசையாகப் பிடித்திருக்கிறது. ஊறிய பிறகு, பழைய சைக்கிள் டியூபில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கழுத்தில் சுற்றிப் பிடித்துத் திருகினால் வழுக்காது. குறடு வேண்டவே வேண்டாம். அது பிடிக்கிற அழுத்தத்தில் பழைய பிளாஸ்டிக் கீறல் விடும், அந்தக் கீறல் வழியாக அதன்பின் ஆயுள் முழுக்க மை கசியும்.

தண்ணீர் மட்டும் போதாவிட்டால் கால் லிட்டர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஊசியைக் கழற்றிய 10 மில்லி சிரிஞ்சில் சிறு ரப்பர் குழாயை மாட்டிக் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைச் செலுத்தினால் உள்ளே ஒட்டியிருக்கும் செதில்கள் வெளியே வரும். கடைசியில் வெறும் தண்ணீரால் நான்கைந்து முறை அலசுவதை விட்டுவிடாதீர்கள். சோப்பு தங்கினால் மை அளவுக்கு மீறி வழிந்து, தாளில் இழை இழையாகப் பரவும்.

வெந்நீர், ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கூடாது. பின்னவை மூன்றும் சில வகைப் பிளாஸ்டிக்கை மங்கவைக்கும், சிலவற்றைக் கரைத்தே விடும்.

அலசியதும் பருத்தித் துணியில் நிப்பு கீழே இருக்கும்படி நிறுத்தி ஓரிரவு உலரவிடுங்கள். ஈரத்தோடு மை ஊற்றினால் முதல் இரண்டு பக்கம் வெளிறி எழுதும். பேனா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பில்லரால் மை ஊற்றும்போது கையெல்லாம் மை ஆகிறது. சரியான முறை என்ன?

மரைக்குக் கீழே நிறுத்துங்கள். மரை வரை மை ஏறினால் கழுத்தைத் திருகும்போது அது வெளியே வரத்தான் செய்யும். ஊற்றி முடித்ததும் உடலை நிமிர்த்திப் பிடித்து, நிப்பு வானத்தைப் பார்க்கும்படி வைத்துத் திருகி மூட வேண்டும். திருகும்போது உள்ளே அமுங்கும் காற்று அப்போதுதான் நிப்பு வழியாக வெளியேறும். தலைகீழாகப் பிடித்துத் திருகினால் அதே காற்று மையைத் தள்ளும்.

மூடியதும் நிப்பைக் கீழே பார்க்கவைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் மை தானாக இறங்கும். உதற வேண்டியதில்லை. வகுப்பறைச் சுவர்களிலும் முன்பெஞ்சுக்காரர் சட்டை முதுகிலும் இருந்த கோடுகளெல்லாம் அந்த ஒரு நிமிடம் பொறுக்காததால் வந்தவை.

பில்லரைக் கழுவிக் காயவைத்துவிட்டே மைக்குப்பியில் விடுங்கள். அழுக்குப் பில்லரால்தான் குப்பியில் பூஞ்சை வருகிறது.

மை பாதி தீர்ந்ததும் பேனா மை கக்குகிறது. ஏன்?

உள்ளே இருக்கும் மையைக் கீழே விழாமல் பிடித்திருப்பது வெளிக்காற்றின் அழுத்தமும், நிப்பின் அடியில் இருக்கும் கட்டையின் மெல்லிய பள்ளங்களும்தான். மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. கையின் சூட்டில் அந்தக் காற்று விரிகிறது, மையைத் தள்ளுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 3 மில்லி பிடிக்கும் பேனாவில் அரை மில்லி மைதான் மிச்சம், 2.5 மில்லி காற்று என்று கொள்ளுங்கள். உங்கள் கையால் அந்தக் காற்று 5 டிகிரி சூடேறினால் அது சுமார் 0.04 மில்லி விரியும். ஏறத்தாழ ஒரு சொட்டு. அதுதான் நோட்டில் விழுகிற சொட்டு. அதே பேனா நிறைய மையோடு, அரை மில்லி காற்றோடு இருந்தால் விரிவு 0.01 மில்லியைத் தொடாது. கட்டையின் ஓரத்தில் சீப்புப் பற்களாக வெட்டியிருக்கும் இடுக்குகளே அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆகவே மருந்து எளிது. மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் மறுபடி ஊற்றிவிடுங்கள். தேர்வுக்கோ கையெழுத்துக்கோ போகும் முன்பு கட்டாயம் ஊற்றுங்கள். குறைந்த மையோடு எழுதியே ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து நிப்பை மேலே வைத்து அரை நிமிடம் கையில் பிடித்திருங்கள். விரிய வேண்டிய காற்று மையைத் தொடாமல் வெளியே போய்விடும்.

மே மாத வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இந்தத் தொல்லை குறைவு. அறைக்கும் கைக்கும் வெப்ப வித்தியாசமே இல்லையே! குளிரூட்டிய அலுவலகத்தில்தான் பேனா அதிகம் கக்கும். தடித்த எபோனைட் (கடின ரப்பர்) உடல் சூட்டை மெதுவாகக் கடத்தும். உலோக உடலில் நேரடியாக மை ஊற்றுவது இதனாலும் நல்லதல்ல. மை உலோகத்தை அரிப்பது வேறு.

நிப்பில் அல்ல, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் கசிகிறது.

மரை தேய்ந்திருக்கிறது, அல்லது இடைவெளி இருக்கிறது. சிலிக்கன் கிரீஸ் என்று கேட்டால் குழாய்ப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கடுகளவு எடுத்து மரையில் மட்டும் பூசி, திருகி, வெளியே பிதுங்குவதைத் துடையுங்கள். நிப்பு பக்கம் போனால் கட்டையின் பள்ளத்தை அடைத்துவிடும். வாஸ்லின் அவசரத்துக்கு உதவும். ஆனால் ரப்பர் வாஷர் இருந்தால் நாளடைவில் அதை உப்பவைத்துவிடும்.

மரையில் நூல் சுற்றுவது பழைய வழி. அது வேலை செய்யும், ஆனால் வெறும் நூல் திரியாகி மையை உறிஞ்சி வெளியே கொண்டுவந்துவிடும். நூலை மெழுகில் இழுத்துவிட்டு இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் சுற்ற வேண்டும். இதெல்லாம் செய்தும் கசிந்தால் உடலில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா பாருங்கள். மைக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, மூடி, மெல்லிய தாளில் சுற்றி வைத்தால் ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே கீறல்.

விட்டு விட்டு எழுதுகிறது, அல்லது நாலு வரி எழுதி நின்றுவிடுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய்கள்.

நன்றாகத் தொடங்கி நான்கைந்து வரிகளில் வெளிறி நின்றால், மை வெளியே போன அளவுக்குக் காற்று உள்ளே வரவில்லை. கழுத்தை அரைத் திருகு தளர்த்திப் பாருங்கள். உடனே எழுதினால் சந்தேகமே இல்லை. கட்டையின் பள்ளத்தில் அடைப்பு. மேலே சொன்னபடி ஊறவைத்து அலச வேண்டும். தளர்த்தியபடியே எழுதிப் பழகிவிடாதீர்கள், ஒரு நாள் மொத்த மையும் மடியில் இறங்கும்.

பக்கத்தின் மேல்பாதியில் ஒழுங்காக எழுதிக் கீழ்ப்பாதியில் மட்டும் திக்கினால் குற்றம் பேனாவில் இல்லை, உங்கள் உள்ளங்கையில். கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்ட தாளில் மை ஒட்டாது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு எழுதுங்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இந்த ஒரு யோசனை பாதிப் பேனாக்களைக் காப்பாற்றும்.

காலையில் மட்டும் எழுத மறுத்தால், இரவில் மூடிக்குள்ளேயே நிப்பு காய்கிறது. மூடியின் தலையில் கீறல் இருக்கும், அல்லது உள்மூடி தொலைந்திருக்கும். கிளிப்பைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கடைசியாக, பேனாவைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நிப்புக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மை அந்த இடைவெளியைத் தாண்டாது. கட்டை எபோனைட் ஆக இருந்தால் சரிசெய்யலாம். கைபொறுக்காத சூட்டில், கொதிக்காத தண்ணீரில், நிப்பையும் கட்டையையும் மட்டும் இருபது வினாடி வைத்து எடுத்து, கட்டைவிரலால் கட்டையை நிப்போடு சேர்த்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆறும்போது அந்த வளைவிலேயே இறுகிக்கொள்ளும். வெந்நீர் கூடாது என்பதற்கு இது ஒன்றே விலக்கு, அதுவும் அந்த இருபது வினாடிக்கு மட்டும். பிளாஸ்டிக் கட்டை இப்படி இணங்காது. நிப்பைக் கழற்றிச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்திப் பார்க்கலாம்.

நிப்பு தாளைக் கீறுகிறது.

பத்து மடங்கு காட்டும் லென்ஸால் நுனியை நேரே பாருங்கள். பிளவின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே ஏறியிருந்தால், அதை நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி விடுங்கள். ஓர் அழுத்து, மறுபடி லென்ஸ். பத்தில் எட்டுக் கீறல் இதிலேயே தீரும்.

அதன் பிறகும் கரகரத்தால் மட்டுமே தேய்ப்பு. மிக நைஸான மெருகுத் தாளில், 12000 எண் கிடைத்தால் நல்லது, தண்ணீர் தொட்டு, எடை கொடுக்காமல் எட்டு எண்ணை ஐந்து முறை எழுதி, அலசி, எழுதிப் பாருங்கள். கண்ணாடித் துண்டிலும் பீங்கான் கோப்பையின் அடியிலும் தேய்த்துப் பட்டை நிப்பு ஆக்கிக்கொண்டது ஒரு காலம். நுனியில் கடினமான உலோகக் குமிழ் வைத்த நிப்புகள் அதைத் தாங்கும். மலிவான நிப்புகளில் அந்தக் குமிழே கிடையாது, எஃகின் நுனியையே மடித்து உருட்டியிருப்பார்கள். தேய்த்தால் அதுவும் போய்விடும்.

பிளவில் பிளேடு விடலாமா? நிப்பைப் பல்லால் பிடுங்கலாமா?

சவர பிளேடு பிளவை நுனியில் அகட்டிவிடும். பிளவு உள்ளே அகலமாகவும் நுனிக்கு வரவரக் குறுகியும் இருந்தால்தான் மை நுனி வரை இழுபடும். நுனி அகன்றால் மை பாதியில் நின்றுவிடும். பிளேடு விட்டதும் இரண்டு நாள் நன்றாக எழுதுவது அடைப்பு நீங்கியதால். மூன்றாம் நாள் வருவது பிளேடின் விளைவு. தடித்த பாலிதீன் தாளின் ஓரத்தைப் பிளவில் விட்டு இழுத்தால் தூசி வந்துவிடும், எஃகும் பிழைக்கும்.

பல்லுக்குப் பதில், ஊறிய பிறகு சைக்கிள் டியூப் துண்டால் நிப்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள்.

சாத்தூர் நிப்பு என்று பழைய கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

விருதுநகருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கும் சாத்தூர், சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர் போன ஊர். பேனா நிப்புக்கும் அப்படித்தான் இருந்தது. அங்கே சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் செய்த நிப்புகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் போயின. எந்த ஊரில் விலை குறைந்த பேனா வாங்கினாலும் அதன் நிப்பு சாத்தூரில் பிறந்ததாக இருக்க அப்போது வாய்ப்பு இருந்தது.

நிப்பு என்பது ஒரே அடியில் வருவதல்ல. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையோ பித்தளைத் தகட்டையோ அச்சில் நிப்பு வடிவத்துக்கு வெட்டுவார்கள். நடுவில் துளை போடுவார்கள். அது காற்றுக்கும் வழி, பிளவு அதற்கு மேல் கிழியாமல் நிறுத்தும் எல்லையும் அதுதான். பெயரைப் பொறித்து, கட்டையின் மேல் உட்காரும்படி வளைத்து, நுனியை உருட்டி, சக்கரத்தில் பிளவு அறுத்து, தேய்த்து, மெருகேற்றிப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். கைக்குக் கை மாறிப் போகும் வேலை. பித்தளை நிப்பு தங்க நிறத்தில் பளபளக்கும், ஆனால் மையில் சீக்கிரம் அரித்துப் பச்சை கட்டும். பழைய பேனா கிடைத்தால் நிப்பில் பச்சைப் பூச்சு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மாற்றிவிடுவது மேல்.

பந்துமுனைப் பேனா விலை குறைந்து வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. அதை உருவாக்கிய லாசுலோ பீரோ 1938-இல் காப்புரிமை பெற்றது, 1945-இல் நியூயார்க்கில் அந்த வகைப் பேனா பெருவிற்பனைக்கு வந்தது எல்லாம் தொலைதூரச் செய்தி. நம் வகுப்பறையை மாற்றியது சென்னையிலேயே தயாரான ரெனால்ட்ஸ்தான். எழுதித் தீர்ந்தால் ரீஃபில், மை ஊற்ற வேண்டியதே இல்லை என்றானபோது நிப்பை யார் தேடுவார்கள்?

எபோனைட் பேனா பழுப்பாகிவிட்டது. பழைய கருப்பு வருமா?

எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் இருக்கும். கையால் தேய்த்து முகர்ந்தால் அந்த வாடை தெரியும். வெயிலும் ஈரமும் பட்டு மேல்தோல் பழுப்பாகிறது. வெந்நீரில் போட்டால் ஒரே நாளில் ஆகிவிடும். மேல்தோலை மெருகுத் தாளால் தேய்த்து எடுத்தால் அடியில் கருப்பு இருக்கும். பொறித்த எழுத்துகள் அதோடு போய்விடும் என்பதால், பெயர் பொறித்த பேனாவைப் பழுப்பாகவே விடுவதுதான் நல்லது. மெழுகு பூசினால் மினுங்கும், நிறம் வராது.

எந்த மை வாங்குவது?

மைப் பேனாவுக்கு என்று குப்பியில் எழுதியிருப்பது மட்டும். சாயத்தைத் தண்ணீரில் கரைத்த மை அது. ஓவியத்துக்கும் வரைபடத்துக்கும் விற்கும் இந்தியன் இங்க்கில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். ஒருமுறை காய்ந்தால் கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டாம்ப் பேடு மையும் அப்படியே ஆகாது.

கேம்லின் நிறுவனம் 1931-இல் மும்பையில் குதிரை மார்க் மைப்பொடியும் மாத்திரையுமாகத் தொடங்கியது. கேமல் மை பிறகு வந்தது. பெங்களூரின் பிரில், செல்பார்க் குப்பிகளும் பழைய பள்ளி நினைவுள்ளவர்களுக்குத் தெரியும். தினசரி எழுத்துக்கு ராயல் நீலம் போதும், கழுவுவதற்கும் எளிது. ஆனால் வெயிலிலும் தண்ணீரிலும் நிற்காது. பத்திரங்களுக்கு நீலக்கருப்பு அல்லது நிலையான கருப்பு.

இரண்டு கம்பெனி மைகளைக் கலக்காதீர்கள். ஒன்று அமிலத்தன்மை, மற்றொன்று காரத்தன்மை என்றால் சாயம் பிரிந்து சேறாக அடியில் படியும். நிறம் மாற்றும்போதும் பேனாவை அலசிவிட்டே ஊற்றுங்கள். கலந்துதான் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், தனிக் குப்பியில் ஐந்து ஐந்து சொட்டு கலந்து ஒரு வாரம் மூடி வைத்து, அடியில் வண்டல் இல்லை என்றால் மேலே போகலாம்.

பழைய குப்பியைத் திறந்தால் புளித்த வாடையோ மேலே ஆடையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். வடிகட்டிப் பயன்படுத்தும் சிக்கனம் பேனாவுக்குள் பூஞ்சையை ஏற்றும். வாடை இல்லாமல் கெட்டியாக மட்டும் ஆகியிருந்தால், காய்ச்சி வடித்த தண்ணீர் சில சொட்டு விட்டு மீட்கலாம்.

மை மாத்திரையைக் கரைத்துப் பேனாவில் ஊற்றலாமா?

அவை தொட்டெழுதும் கட்டைப் பேனாவுக்காக வந்தவை. கரையாத துகள் மிஞ்சும். மைக்கூட்டில் அது அடியில் தங்கிவிடும், பேனாவில் தங்க இடம் கட்டையின் பள்ளம்தான்.

கடுக்காய் மை எப்படிச் செய்வது?

இதுவும் தொட்டெழுதும் பேனாவுக்கு மட்டுமே. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 30 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்து, 300 மில்லி தண்ணீரில் ஓரிரவு ஊறவையுங்கள். மறுநாள் சிறுதீயில் பாதியாக வற்றவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். சூடு ஆறியதும் அன்னபேதி 10 கிராம் சேர்த்துக் கிளறினால் உடனே கருக்கும். அன்னபேதி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வேலம்பிசின் 5 கிராமைத் தனியே சிறிது வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். மை தாளில் ஓடாமல் நிற்கப் பிசின்தான் காரணம். இரண்டு கிராம்பு போட்டு வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும்.

இரும்புச் சட்டி கூடாது; கண்ணாடி, மண், எவர்சில்வர் சரி. எழுதியவுடன் சாம்பல் நிறமாகத் தெரியும், காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் கருப்பாகும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து தாளின் இழைக்குள்ளேயே உருவாகும் கருப்பு என்பதால் தண்ணீர் பட்டாலும் போகாது. அன்னபேதியை அள்ளிப் போட்டால் அதிகக் கருப்பு வரும் என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய இரும்பும் அமிலமும் வருடங்கள் போகப் போகத் தாளை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும்.

எந்த நோட்டில் எழுதினால் பின்பக்கம் ஊறாது?

தாளின் கனத்தை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், என்று சொல்வார்கள். மலிவான நோட்டுகள் 54 முதல் 60 ஜிஎஸ்எம் வரை. 70-க்கு மேல் போனால் பெரும்பாலும் நிம்மதி. ஆனால் கனம் மட்டும் போதாது. தாளில் மை பரவாமலிருக்கப் போடும் பசைப்பூச்சு முக்கியம். 100 ஜிஎஸ்எம் தாளும் பூச்சு இல்லை என்றால் ஒத்துத்தாள் மாதிரி குடிக்கும். கடையிலேயே சோதிக்கலாம். நோட்டின் கடைசிப் பக்க மூலையில் ஒரு புள்ளி வைத்து மூன்று வினாடி நிப்பை எடுக்காமல் நிறுத்துங்கள். புள்ளி வட்டமாகவே நின்றால் வாங்கலாம். ஓரத்தில் கால் முளைத்தால் வேண்டாம். கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் 80 ஜிஎஸ்எம் தாளையும் இதே சோதனை செய்து பாருங்கள்.

பந்துமுனைப் பேனாவில் பழகிய பிள்ளை நிப்பை வளைத்துவிடுகிறது.

பந்துமுனை அழுத்தினால் எழுதும், மைப் பேனா தொட்டால் எழுதும். பிடிக்கும் சாய்வும் வேறு. தாளுக்கும் பேனாவுக்கும் நடுவே 45 டிகிரி அளவில் இருக்க வேண்டும். தாளுக்கு அடியில் வேறொரு தாளை வைத்து எழுதச் சொல்லுங்கள். அடித்தாளில் தடம் பதிந்தால் அழுத்தம் அதிகம் என்று பிள்ளைக்கே தெரியும். வேறொருவர் எழுதினால் நிப்பு கெட்டுவிடும் என்று பேனாவைத் தர மறுப்பதற்கும் அழுத்தம்தான் உண்மையான காரணம். ஒரு கையெழுத்தில் நுனி தேய்ந்துவிடாது, ஓர் அழுத்தில் வளைந்துவிடும்.

சட்டையில் மை கொட்டிவிட்டது.

தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒத்துத்தாள் இல்லாவிட்டால் சாக்பீஸ் உருட்டினாலும் உறிஞ்சும், பள்ளிக்கூடத்தில் அதுதானே வழக்கம். பிறகு பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு, நிறம் ஓடுவது நின்ற பிறகே சோப்பு. ராயல் நீலம் இதிலேயே போகும். வெள்ளைச் சீருடையில் மிஞ்சினால் நீர்த்த பிளீச்சிங் திரவம் வேலை செய்யும்.

நீலக்கருப்பு மையில் இரும்பு இருந்தால் பிளீச்சிங் ஆகாது. சாயம் போய், துருக்கறை நிலைத்துவிடும். அதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலச வேண்டும். இஸ்திரி போடுவது கறை போன பிறகுதான்.

தேர்விலும் வங்கியிலும் மைப் பேனா செல்லுமா?

டிஎன்பிஎஸ்சியின் ஓஎம்ஆர் விடைத்தாளுக்குக் கருப்புப் பந்துமுனைப் பேனாதான். மற்ற தேர்வுகளுக்கு நுழைவுச்சீட்டில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். காசோலைக்கு இன்ன நிற மைதான் என்று ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. ஆனால் கழுவினால் போகும் ராயல் நீலத்தில் தொகை எழுதுவது திருத்துபவருக்கு வேலையைச் சுலபமாக்கும். பச்சை மையைத் தவிர்ப்பது நல்லது. அலுவலகங்களில் அது உயரதிகாரிகளின் நிறமாகவே வழங்கி வந்திருக்கிறது, ஸ்கேனிலும் சரியாக விழாது.

புதிதாக எங்கே வாங்கலாம்?

சென்னை ஜார்ஜ் டவுனில் ஜெம் அண்ட் கோ 1920-களிலிருந்து பேனா விற்கிறது. கேமா என்ற பெயரில் எபோனைட் பேனாக்களும் அவர்களுடையவை. திருவள்ளூரின் ரங்கா பேனாக்கள் எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து கையால் செய்பவை. ராஜமுந்திரியில் 1932-இல் கே.வி. ரத்னம் தொடங்கிய ரத்னம் பேனா, சுதேசிப் பேனா வேண்டும் என்று காந்தி கேட்ட காலத்துப் பெயர்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். மூடியைத் திருகும்போது மரை உரசாமல் ஓடுகிறதா, நிப்பு கட்டையின் நடுவில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, இதே அளவு நிப்பு தனியாகவும் கிடைக்குமா. மூன்றாவதற்குக் கடைக்காரர் தயங்கினால் வேறு பேனா பாருங்கள். மை ஊற்றி எழுதிக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். தண்ணீரைத் தொட்டு எழுதிக் காட்டுவது கணக்கில் சேராது, மை ஊற்றி அரைப் பக்கமாவது எழுதிப் பார்க்க வேண்டும்.